குலுக்காத குலுக்கல்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தில், குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்ட ஒரு விழா நடந்தது. பரிசுச்சீட்டு விற்றார்கள். நான் ஒன்றே ஒன்று வாங்கினேன். முதல் பரிசான டேப்லெட் எனக்கு விழுந்துவிட்டது. சீட்டை எடுத்தவர் என் மேலாளர். 'முன்னாடியே பேசி வைத்ததுதானே' என்று என் காதுபடவே பேசுகிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் 20 சீட்டு வாங்கியும் ஒன்றும் விழவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. பரிசைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? தர்ம காரியத்துக்கு இப்படிச் சூதாட்டம் மாதிரி ஒன்றை நடத்துவதே தப்பில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுத்தாலும் பேசுகிற வாய் அடங்காது. 'குற்றமுள்ள நெஞ்சு' என்று இன்னொன்று சேரும். 1000 சீட்டு விற்றிருந்தால், 20 வாங்கியவருக்கு முதல் பரிசு விழாமல் போக 100க்கு 98 வாய்ப்பு. அவர் கொடுத்த பணம் குழந்தைகளுக்குப் போகிறது. அவரிடம் நீங்கள் கூச ஒன்றுமே இல்லை அம்மா. நிமிர்ந்து பேசுங்கள். சூதாட்டமா என்பதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

ஆனால் சீட்டை மேலாளர் எடுத்தார் என்கிறீர்களே, எப்படி எடுத்தார்? எதிலிருந்து எடுத்தார்? யாராவது கலக்கினார்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. அங்கேயே நின்றிருக்கிறீர்கள், பார்க்கவில்லை. பிறகு எதை வைத்து அவர்களுக்குப் பதில் சொல்வீர்கள்? இந்த அசட்டை உங்களுக்கு மட்டுமல்ல, பெரும்பாலானவர்களுக்கு இருக்கிறது. நல்ல காரியம்தானே, சும்மா ஒரு சீட்டை எடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

இப்படியொரு விழாவில் என்னைச் சீட்டெடுக்கக் கூப்பிட்டார்கள். அட்டைப்பெட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது, கை இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. மேலே கிடந்தவை எல்லாம் கடைசி நேரத்தில் விற்றவை. மேசைமேல் கொட்டச் சொன்னேன். நேரமாகிறது என்றார்கள். நான் விடவில்லை. கொட்டினால், மொத்தமாக வாங்கியவர்களின் சீட்டுகள் கிழிக்காமல் பட்டையாகவே மடிந்து கிடக்கின்றன. ஒரு கொத்தில் ஸ்டேப்ளர் பின்கூட எடுக்கவில்லை. விரலுக்குத் தடிப்பாகத் தட்டுப்படுவது எதுவோ அதைத்தானே கை பிடிக்கும்? ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரே மாதிரி மடித்து, பெரிய பாத்திரத்துக்கு மாற்றிக் கலக்கிய பிறகுதான் எடுத்தேன். அமைப்பாளர்களுக்கு என்மேல் கடுங்கோபம். ஆனால் பரிசு வாங்கியவரைப் பார்த்து ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், 919ஆம் ஆண்டும் 921ஆம் ஆண்டும். ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்து, ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவான வாரியத்துக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சபை முழுக்கக் கூடியிருக்க வேண்டும். முதியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு குடும்பின் ஓலைக்கட்டை விவரம் அறியாத ஒரு சிறுவன் எடுக்க, அதை வேறு குடத்தில் போட்டுக் குலைக்க வேண்டும். பிறகு அவன் எடுத்துத் தரும் ஒற்றை ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இருக்கக் கூடாதே! அவன் வாசித்த பின் அங்கிருக்கும் கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரும் வாசிக்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். மேலாளர் எடுத்து மேலாளரே படிப்பதை நாம் கைதட்டி ஏற்றுக்கொள்கிறோம்.

கலக்காவிட்டால் என்ன, யாரும் திருடவில்லையே என்பீர்கள். வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்காவில் 1969 டிசம்பர் 1 அன்று பிறந்த தேதிகளைக் குலுக்கினார்கள். 366 குப்பிகள், குப்பிக்கு ஒரு தேதி. முதலில் வரும் தேதியில் பிறந்தவர்களுக்கு முதலில் அழைப்பு. மாதவாரியாகப் பெட்டியில் போட்டு, சரியாகக் கலக்காமல் ஜாடியில் கொட்டினார்கள். ஆண்டுக் கடைசியில் பிறந்த பையன்களின் தேதிகள் அளவுக்கு மீறி முன்னால் வந்துவிட்டன. யாரும் சதி செய்யவில்லை. கலக்குகிற வேலையைச் செய்து முடிக்கவில்லை, அவ்வளவுதான். மறு ஆண்டு முறையையே மாற்றினார்கள். உங்கள் அலுவலகத்தில் போனது ஒரு டேப்லெட் என்பதால் இது சின்ன விஷயமாகிவிடாது. யாரும் தப்பு செய்யாமலே உங்கள் பெயர் கெடுகிறதே, அது போதாதா?

நாளைக்கே விழாக் குழுவிடம் போங்கள். விற்ற சீட்டு எத்தனை, அடிக்கட்டைகள் எங்கே, வசூல் எவ்வளவு, சிகிச்சைக்குப் போனது எவ்வளவு என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பரிசு வாங்கிய நீங்கள் கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது. அடுத்த ஆண்டு அந்தக் குழுவில் நீங்களும் சேருங்கள். ஆழமான பாத்திரம், ஒரே அளவில் மடித்த சீட்டு, சீட்டே வாங்காத ஒருவர் கை, வாசிக்க வேறொருவர். குழுவில் இருப்பவர்கள் சீட்டு வாங்கவே கூடாது, நீங்கள் உட்பட.