குளிர்கால ஏரியில் ஸ்கூபா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோடையில், கடலில் இருபது முறைக்கு மேல் ஸ்கூபா செய்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் ஓர் ஏரியில் இறங்க நண்பர்கள் அழைக்கிறார்கள். அடியில் நீரின் வெப்பநிலை 4 டிகிரி இருக்குமாம். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து நாம் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர் உறைந்துவிடும் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். நீரே உறையாதபோது ரெகுலேட்டர் எப்படி உறையும்?

பதில்: உங்களுக்கு எழுந்திருக்கும் ஐயம் மிகச் சரியானது. நீர் 4 டிகிரியில்தான் மிகுந்த அடர்த்தி கொள்கிறது என்பதால், மேற்பரப்பு உறைந்தாலும் ஆழமான ஏரியின் அடிப்பகுதி பெரும்பாலும் அந்த வெப்பநிலையிலேயே நிற்கிறது. ஆகவே ரெகுலேட்டரை உறைய வைக்கும் குளிர் ஏரியிலிருந்து மட்டும் வருவதில்லை. நீங்கள் சுவாசிக்கும் காற்றிலிருந்தே வருகிறது. சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்று, ரெகுலேட்டரின் முதல் நிலையை, அதாவது சிலிண்டரில் பொருத்திய பகுதியை, கடக்கும்போது, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டுமே கூடுதலான நிலைக்கு ஒரே கணத்தில் இறங்கி விரிவடைகிறது. அப்படி விரியும் காற்று, உறைநிலைக்கு வெகு கீழே குளிர்ந்துவிடும். வெதுவெதுப்பான கடலில் சுற்றியுள்ள நீர் அந்த உலோகத்துக்கு உடனுக்குடன் வெப்பத்தை ஈடுசெய்கிறது. 4 டிகிரி நீரிடம் கொடுப்பதற்கு அவ்வளவு வெப்பம் இல்லை. எனவே முதல் நிலையின் ஸ்பிரிங்கைச் சுற்றியுள்ள நீர் பனிக்கட்டியாகி, வால்வு திறந்தபடியே இறுகிவிடுகிறது. காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கும். காற்று வேகமாகப் பாயப் பாயக் குளிரும் கூடும்.

இதன் முதல் அறிகுறி சிறியது. மூச்சை உள்ளிழுத்து நிறுத்திய பிறகும் வாய்க்கருவியில் மெல்லிய சீறல் கேட்கும், குமிழிகள் தொடர்ந்து எழும், பற்கள் கூசும். அந்த நொடியிலேயே தோழருக்குச் சைகை காட்டிவிட்டு முக்குளிப்பை முடித்துக்கொள்ள வேண்டும். காற்று முழுவேகத்தில் கொட்டத் தொடங்கிவிட்டால், வாய்க்கருவியை உதடுகளால் இறுகக் கவ்வாமல், மிகுதிக் காற்று ஓரமாக வெளியேற இடம்விட்டு, தெருக்குழாயில் கை ஏந்தி நீர் பருகுவதுபோல் வேண்டிய அளவு மட்டும் உறிஞ்ச வேண்டும். சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும் என்பதால் இந்த நிலையில் நெடுநேரம் நீடிக்க முடியாது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. அவசரத்துக்கென நீங்கள் வைத்திருக்கும் ஆக்டோபஸ் எனும் கூடுதல் வாய்க்கருவி, அதே முதல் நிலையிலிருந்துதான் கிளைக்கிறது. முதல் நிலை உறைந்தபின் அதனால் பயனில்லை. குளிர்நீருக்குச் சிலிண்டரின் தனித்தனி வால்வுகளில் பொருத்திய இரண்டு முழு ரெகுலேட்டர்கள் தேவை. ஒன்று கொட்டினால் அதன் வால்வை மூடிவிட்டு மற்றொன்றில் சுவாசித்தபடி மேலேறலாம். மூடிய ரெகுலேட்டரில் படிந்த பனியை ஏரி நீரே கரைத்துவிடும். ஐரோப்பியத் தரநிர்ணயம் 10 டிகிரிக்குக் கீழான நீரையே குளிர்நீர் என்று வகுத்து, அதற்கெனத் தனிச் சோதனை வைத்திருக்கிறது. வாடகைக்கு எடுப்பதாயினும் அந்தச் சோதனையில் தேறிய ரெகுலேட்டரையே கேளுங்கள். தலை நீருக்குள் சென்ற பிறகே அதில் சுவாசியுங்கள். உறைபனிக் காற்றில் கரையில் நின்று சோதித்தால், உங்கள் மூச்சின் ஈரமே இரண்டாம் நிலையான வாய்க்கருவியில் பனியாகப் படியும். நீர் புகாத உடையான டிரை சூட்டுக்கும் மிதவை அங்கிக்கும் காற்றேற்றும்போது பொத்தானைச் சிறுசிறு தட்டல்களாக அழுத்துங்கள். அதே கணத்தில் மூச்சை இழுக்காதீர்கள்.

கேள்வி: என்னிடமுள்ள 7 மில்லிமீட்டர் தடிமனான நுரை உடை, வெட் சூட், போதாதா?

பதில்: போதாது என்பதே என் கருத்து. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆழம் கூடக்கூட வெட் சூட்டின் நுரை அமுங்கி மெலிந்து, குளிர் மிகுந்த இடத்தில் காப்புக் குறைகிறது. டிரை சூட் அணியலாம்; ஆனால் அதனுள் இருக்கும் காற்று கால்பக்கம் ஓடித் தலைகீழாக உங்களை மேலே இழுத்துவிடக்கூடும் என்பதால், அதற்கான பயிற்சியை ஆழமற்ற நீரில் முதலில் முடித்துவிடுங்கள். உப்பில்லாத நீரில் மிதப்புக் குறைவு; டிரை சூட்டிலோ மிதப்பு அதிகம். ஆகவே கடலில் கட்டிய எடைக்கணக்கு இங்கே செல்லாது. புதிதாகச் சோதித்துப் பார்த்தே எடை கட்ட வேண்டும்.

கைகளைக் குறித்து எவரும் போதிய அக்கறை காட்டுவதில்லை. தடித்த கையுறையுடன் ஒவ்வொரு கொக்கியையும் வால்வையும் கண்ணை மூடிக்கொண்டு திறந்து மூடக் கரையிலேயே பழகுங்கள். நீருக்குள் அவ்வப்போது கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியாதபோது, காற்று எவ்வளவு மீதமிருந்தாலும் மேலேறிவிடுங்கள்.

கேள்வி: வெளியே வந்ததும் வெந்நீரில் குளிக்கலாமா?

பதில்: உடனே வேண்டாம். குளிர்ந்த திசுக்களில் மிகுதியான நைட்ரஜன் கரைந்திருக்கும். தோலைத் திடீரெனச் சூடேற்றினால், இரத்த ஓட்டம் அதை வெளியேற்றும் முன்பே அது அங்கே குமிழிகளாகப் பிரியக்கூடும். ஈர உடையைக் களைந்து, தலையைத் துவட்டி, உலர்ந்த கம்பளி ஆடையும் குல்லாயும் அணிந்து, காற்றுப்படாத இடத்தில் அமர்ந்து இளஞ்சூடாக ஏதேனும் பருகுங்கள். உடல் தானாகச் சூடேறி நடுக்கம் முற்றிலும் நின்று நெடுநேரம் ஆன பிறகு குளிக்கலாம்.