மழைக்காலத்தில் கோழித் தீவனம்

கேள்வி: கடலோர ஊரில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஐப்பசி மழை தொடங்கினால் மூட்டையிலுள்ள தீவனம் கட்டிபிடித்துப் பூசணம் பூக்கிறது. அதை வெயிலில் உலர்த்திக் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். வெயில் ஈரத்தைப் போக்குமே தவிர, மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பூசணம் உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை முழுவதும் நீக்காது. அந்த நச்சு கோழியின் கல்லீரலைக் கெடுத்து, முட்டையைக் குறைத்து, நோய் எதிர்ப்பாற்றலையும் தளர்த்துகிறது. வாத்துக் குஞ்சுகள் இதைக் கோழிகளைவிடவும் தாங்கமாட்டா.

தானியத்தின் ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டாதபடி காயவைத்து, சூடு நன்றாக ஆறிய பிறகே மூட்டை கட்டுங்கள்; சூட்டோடு கட்டினால் உள்ளேயே வியர்த்துவிடும். மூட்டைகளைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரப்பலகையின்மேல் அடுக்குங்கள். அரைத்த தீவனம் முழுத் தானியத்தைவிட விரைவில் கெடும் என்பதால், மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே நல்லது.