லினக்ஸ் திரையில் வந்து விழும் நோட்டிபிகேஷன்: காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இல்லை

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வாசகர்கள் ஒரே விஷயத்தைச் சுற்றிப் பல கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். வேலைக்கு நடுவே திரையில் வந்து விழும் அறிவிப்புப் பெட்டிகளை எப்படி நம் வசதிக்கு மாற்றுவது, அதற்குச் செலவு செய்ய வேண்டுமா என்பதுதான் அது. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் மொத்த வியாபாரம் செய்கிறோம். கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் இருக்கிறது. பில் போடும்போது மெயில் வந்தது, பென்டிரைவ் மாட்டியாச்சு, வைஃபை அறுந்தது என்று வலது மேல் மூலையில் பெட்டி பெட்டியாக வருகிறது. எங்கள் பில்லிங் பக்கத்தில் ‘சேவ்’ பட்டன் இருப்பதும் அதே மூலையில்தான். சர்வீஸ் பார்க்கிற தம்பி, “லினக்ஸ்ல இப்படித்தான்க்கா வரும். இதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, லைசென்ஸ் 1,800 ரூபாய் ஆகும்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் கேட்கும் வசதி உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது.

லினக்ஸில் ஒரு அறிவிப்பு திரைக்கு வருவதில் இரண்டு தரப்பு உண்டு. மெயில் புரோகிராமோ வைஃபையோ, ‘தகவல் இது, அவசரம் இவ்வளவு’ என்று சொல்லி அனுப்புவதோடு சரி. அதை எந்த மூலையில், எந்த நிறத்தில், எவ்வளவு நேரம் காட்டுவது என்பதை முடிவு செய்வது டெஸ்க்டாப், அதாவது லினக்ஸில் மெனு, ஐகான், திரைத் தோற்றம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் புரோகிராம். அதனால்தான் ஒரே மெயில் புரோகிராம் உங்கள் கடையில் ஒரு மாதிரியும் பக்கத்துக் கடையில் வேறு மாதிரியும் பெட்டி காட்டும். யூடியூபில் பார்த்த வழி உங்கள் கம்ப்யூட்டரில் பொருந்தாமல் போவதற்கும் இதுதான் காரணம். அவர்கள் வைத்திருப்பது வேறு டெஸ்க்டாப்பாக இருக்கும்.

மின்ட் போட்டவர்களில் பலரிடம் இருப்பது சின்னமன் டெஸ்க்டாப். உங்களுடையதும் அதுவென்றால் மெனுவில் சிஸ்டம் செட்டிங்ஸ் போய் நோட்டிபிகேஷன்ஸைத் திறங்கள். பெட்டியைத் திரையின் கீழ்ப்பக்கம் காட்டச் சொல்லும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் உங்கள் சேவ் பட்டன் பிரச்சினை தீர்ந்தது. முழுத்திரையில் வேலை பார்க்கும்போது பெட்டி மேலே வரலாமா கூடாதா என்பதற்கும் அங்கேயே ஒரு சுவிட்ச் உண்டு. மாற்றியபின் மாதிரிக்கு ஒரு பெட்டியை வரவழைத்துப் பார்க்கும் பட்டனும் இருக்கிறது. அதை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு பில் போட உட்காருங்கள்.

ஒரே ஒரு விஷயம். எரிச்சலில் எல்லா நோட்டிபிகேஷனையும் மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். அறிவிப்புகளின் அவசரத்தில் லோ, நார்மல், கிரிட்டிகல் என்று மூன்று படி உண்டு. லேப்டாப்பில் பேட்டரி தீரப்போகிறது என்பது போன்ற சேதி கிரிட்டிகலாக வரும். அப்படி வருவது தானாக மறையக் கூடாது என்பது லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்கான பொது விதி. டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிற எச்சரிக்கையும் கடைக்காரருக்கு அவசியம். கணக்கு முழுக்க உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரில் இவற்றை அடக்கி வைத்தால், வைஃபை பெட்டி கொடுத்த தொந்தரவைவிடப் பெரிய நஷ்டம் வரும். பில் போடும் நேரத்துக்கு மட்டும் அமைதி வேண்டுமென்றால் பேனலில் (திரையின் ஓரத்தில் ஐகான்கள் இருக்கும் பட்டையில்) உள்ள நோட்டிபிகேஷன் ஐகானிலேயே ‘டூ நாட் டிஸ்டர்ப்’ இருக்கிறது.

கேள்வி: அதே மாதிரி வேலைக்கு நான் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டேன். பில்லும் தரவில்லை. திரும்பக் கேட்க முடியுமா? (வீரவநல்லூர் வாசகர்)

பதில்: எதற்கென்று சொல்லி வாங்கினார் என்பதைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து செட்டிங்ஸை மாற்றிக் கொடுத்ததற்குக் கூலி என்றால் அது நியாயமான பணம்; உழைப்புக்கு விலை உண்டு. லினக்ஸ் இலவசம் என்பதால் அந்த மெக்கானிக்கும் இலவசமாக வர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்திருக்கும் ஒன்றை ‘லைசென்ஸ்’ என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் அது தவறான தகவல் சொல்லி விற்றது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தர மறுப்பதையும் முறையற்ற வணிகமாகத்தான் பார்க்கிறது.

முதலில் கடைக்குப் போய், “அண்ணாச்சி, எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு ஒரு பில் போட்டுத் தாங்க” என்று கேளுங்கள். பல விவகாரங்கள் இங்கேயே முடிந்துவிடும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நீங்களே மனு கொடுக்கலாம், 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஜிபே, போன்பேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். மகன் உபுண்டு போட்டுக் கொடுத்திருக்கிறான். கொஞ்ச நாளாக, “உங்கள் விண்டோஸில் 5 வைரஸ் உள்ளது, பாதுகாப்பு முடிந்துவிட்டது, உடனே புதுப்பிக்கவும்” என்று பெட்டி வந்துகொண்டே இருக்கிறது. அழுத்தினால் கார்டு நம்பர் கேட்கிறது. ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சார், உபுண்டு என்பது லினக்ஸில் ஒரு வகை; உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸே இல்லை. உபுண்டுவில் வந்து ‘உங்கள் விண்டோஸில் வைரஸ்’ என்கிறதே, அந்த ஒரு வரி போதும் இது பித்தலாட்டம் என்பதற்கு. அனுப்புகிறவனுக்கு நீங்கள் எந்தக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறீர்கள் என்பதுகூடத் தெரியாது.

இது எப்படி உள்ளே வந்தது? ஏதோ ஒரு வெப்சைட்டில், சீரியல் பார்க்கவோ ஜாதகம் பார்க்கவோ போயிருப்பீர்கள். ‘அலோ’ அழுத்தினால்தான் வீடியோ ஓடும் என்றோ, நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட ‘அலோ’ அழுத்துங்கள் என்றோ கேட்டிருக்கும். அந்த ‘அலோ’ என்பது உங்கள் திரையில் எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு அனுப்ப அந்தத் தளத்துக்கு நீங்கள் கொடுத்த அனுமதி. அந்தத் தளத்தை மூடிய பிறகும், பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். பெட்டியை நிதானமாகப் பாருங்கள். பிரவுசரின் ஐகானும், எழுத்துகளுக்கு நடுவே சின்னதாக ஒரு தளத்தின் பெயரும் தெரியும். அதுதான் ஆள். டெஸ்க்டாப்பில் எதையும் மாற்ற வேண்டாம், பிரவுசரில் அனுமதியைப் பறித்தால் போதும்.

ஃபயர்ஃபாக்ஸ் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் பெர்மிஷன்ஸ் பகுதியில் நோட்டிபிகேஷன்ஸ். பக்கத்தில் இருக்கும் செட்டிங்ஸை அழுத்தினால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயரை எல்லாம் நீக்குங்கள். அதே பெட்டியில், இனி எந்தத் தளமும் அனுமதி கேட்கவே கூடாது என்று டிக் போடும் இடமும் உண்டு. போட்டுவிடுங்கள், உங்களுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போக வேண்டும்.

கார்டு விவரம் கொடுத்திருந்தால் தாமதிக்காமல் பேங்குக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள். பணம் போயிருந்தால் 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். மகன் வரும்வரை பொறுத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப். பழசாகிவிட்டதால் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் உள்ள லினக்ஸ் போட்டிருக்கிறேன். அப்பா அதில்தான் விதை, உரம் விலை பார்ப்பார். பெட்டி வந்த வேகத்தில் மறைகிறது, எழுத்தும் பொடிசு, அவரால் படிக்க முடியவில்லை. பெரிய மானிட்டர் வாங்கலாமா? (நாங்குநேரி, கல்லூரி மாணவி)

பதில்: மானிட்டர் காசு மிச்சம். செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன்ஸைத் திறந்தால், எத்தனை விநாடியில் மறைய வேண்டும் என்று ஒரு இடம் இருக்கும். அப்பா ஒரு பெட்டியை வாய்விட்டுப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் வையுங்கள். பின்னால் இருப்பது ஊடுருவித் தெரியும் அளவை மாற்றும் நகர்த்தியும் அங்கேயே உண்டு. பின்னால் இருப்பது கொஞ்சமும் தெரியாதபடி அதைத் தள்ளிவிடுங்கள், எழுத்து பளிச்சென்று தெரியும். பெட்டியின் தீம் மாற்றலாம், மூலையையும் மாற்றலாம். எழுத்து அளவுக்கு அப்பியரன்ஸில் ஃபான்ட்ஸ் போய் டிபிஐ எண்ணைக் கூட்டுங்கள். பெட்டி மட்டுமல்ல, மெனுவும் சேர்ந்து பெரிதாகும்.

இந்த டெஸ்க்டாப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. வந்த அறிவிப்புகளைப் பதிவாக வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, லாக் என்ற பகுதியில். தவறவிட்டதை அப்பா சாவகாசமாகத் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனியாக வாயடைக்கவும் முடியும்.

கேள்வி: பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். உபுண்டு லேப்டாப்பை ப்ரொஜெக்டரில் போட்டுப் பாடம் நடத்தும்போது, வீட்டில் இருந்து வரும் வாட்ஸப் செய்தி மேலே நடுவில் வந்து பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கிறார்கள். இதை நிறுத்த, இடத்தை மாற்ற ஏதாவது வாங்க வேண்டுமா டீச்சர்களுக்கென்று?

பதில்: வேண்டாம் டீச்சர். உபுண்டுவில் இருப்பது க்நோம் டெஸ்க்டாப். செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன்ஸ் போனால் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ இருக்கும். வகுப்புக்கு முன் அதைப் போடுங்கள். மறந்துவிடுவோம் என்று பயமாக இருந்தால், அதே பக்கத்தில் புரோகிராம் பட்டியலில் வாட்ஸப் ஓடும் உங்கள் பிரவுசரைத் தொட்டு, பெட்டி திரையில் தோன்றவே வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். திரையில் எதுவும் வந்து விழாது, அறிவிப்புப் பட்டியலை நீங்களே திறந்தால்தான் செய்தி தெரியும். இதுதான் நிரந்தரப் பாதுகாப்பு.

இடத்தை மாற்றும் வசதியை க்நோம் நேரடியாகக் கொடுக்கவில்லை. எக்ஸ்டென்ஷன் என்ற இலவசச் சேர்க்கைகளால் செய்யலாம். ‘ஜஸ்ட் பெர்ஃபெக்ஷன்’ அதில் ஒன்று. ஆனால் உபுண்டு புதிய பதிப்புக்கு மாறும்போது எக்ஸ்டென்ஷன்கள் சில நேரம் வேலை செய்யாமல் நின்றுவிடும். பரீட்சை நேரத்தில் பதிப்பை மாற்றாதீர்கள்.

கேள்வி: வள்ளியூரில் டிடிபி கடை வைக்கப்போகிறேன். பழைய கம்ப்யூட்டர் வாங்கி லினக்ஸ் போட எண்ணம். நோட்டிபிகேஷன் நம் இஷ்டத்துக்கு அமைய எந்த டெஸ்க்டாப் நல்லது?

பதில்: என் ஓட்டு கேடிஇ பிளாஸ்மாவுக்கு. திரையின் படத்தைக் காட்டி எந்த மூலையில் வேண்டும் என்று கேட்கும், எத்தனை விநாடி என்று கேட்கும், ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி விதி வைக்க விடும். பெரிய ஃபைல் காப்பியாகும்போது எவ்வளவு முடிந்தது என்பதும் அந்தப் பெட்டியிலேயே ஓடும். டிடிபி வேலைக்கு இது ரொம்ப உபயோகம். ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டிருந்தாலும் கிரிட்டிகல் சேதியை மட்டும் விடு என்று சொல்லலாம்.

உங்களோடு வேலைக்கு வரும் பையன் கட்டளை எழுதிப் பழகியவன் என்றால் டன்ஸ்ட் என்ற சிறிய புரோகிராமை விரும்புவான். அதில் எல்லாமே ஒரு ஃபைலில் எழுதிவைப்பதுதான். லோ, நார்மல், கிரிட்டிகல் மூன்றுக்கும் தனித்தனி நிறம், தனித்தனி நேரம். நேரம் பூஜ்யம் என்று எழுதினால் நாம் மூடும்வரை பெட்டி போகாது. கடைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அவன் லீவு போட்ட அன்றைக்கு மாற்ற ஆள் இருக்காது.

வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பிளாஸ்மா உள்ள லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், விற்பவர் கடையிலேயே அந்தக் கம்ப்யூட்டரை பென்டிரைவில் இருந்து ஓடவிடுங்கள். ஹார்ட் டிஸ்கில் எதுவும் பதியாமலே முழு டெஸ்க்டாப்பும் வரும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, உங்கள் பிரிண்டரைக் கண்டுகொள்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். பென்டிரைவ் போட விடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.