வாசகர் கேள்வி பதில்: காஸ்மிக் கதிர் எங்கேர்ந்து கிளம்புது?

கேள்வி: காஸ்மிக் கதிர் சூப்பர்நோவாவுலேர்ந்து வருதுன்னு அடிச்சு சொல்றாங்களே சார், யாரு போய்ப் பாத்தாங்க? (கரூர் வாசகர்)

பதில்: யாரும் போகல, ஆனா நியாயமான கேள்வி. காஸ்மிக் கதிர்னா விண்வெளியிலேர்ந்து அசுர வேகத்துல பாய்ஞ்சு வர்ற துகள்கள், சூப்பர்நோவான்னா நட்சத்திரம் வெடிச்சுச் சிதறுறது. 1912ல விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூன்ல ஏறிப் போய், உயரம் கூடக் கூட கதிர்வீச்சும் கூடுதுன்னு பாத்துட்டு வந்தார். 1934ல வானியலாளர்கள் பாடேவும் ஸ்விக்கியும் சூப்பர்நோவாதான் காரணம்னு எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் ஆதாரம் சிக்கவே ரொம்ப காலம் ஆச்சு, ஏன்னா காஸ்மிக் கதிர்ல பெரும்பாலும் புரோட்டான், அதுக்கு மின்னூட்டம் இருக்கு, வர்ற வழியெல்லாம் காந்தப்புலம் வளைச்சு வளைச்சு விட்டுடும், நம்மகிட்ட வந்து சேரும்போது எந்தத் திசையில கிளம்புச்சுன்னு கேட்டா பதிலே கிடையாது.

காமா கதிர், அதாவது ரொம்ப ஆற்றல் உள்ள ஒளி, அப்படி இல்ல, நேரா வரும். அது பிறக்க உதவி பண்றது மூலக்கூறு மேகம். மழை மேகம்னு நெனச்சுக்காதீங்க, மைனஸ் 260 டிகிரி கிட்ட குளிர்ந்து கிடக்குற ஹைட்ரஜன் வாயு. நட்சத்திரம் வெடிச்சு கிளம்புன அதிர்ச்சி அலையில வேகம் புடிச்ச புரோட்டான், மேகத்துல இருக்குற புரோட்டான் மேல மோதுனா பையான்னு ஒரு துகள் பிறக்கும், அதுல மின்னூட்டம் இல்லாத வகை பிறந்த உடனே ரெண்டு காமா கதிரா உடைஞ்சிடும். மேகம் அடர்த்தியா இருந்தா மோதலும் ஜாஸ்தி, வெளிச்சமும் ஜாஸ்தி.

சரி, காமா தெரிஞ்சா போதுமா? போதாது! வேகமான எலக்ட்ரானும் காமா கதிரைக் கிளப்பும், இத்தனை வருஷ சண்டையே அதுலதான். ஆனா மின்னூட்டம் இல்லாத பையானோட எடை ஆற்றல் கணக்குல 135 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள் ஆற்றலை அளக்குற அலகு), சும்மா நிக்கிற பையான் உடைஞ்சா ஆளுக்குப் பாதி, 67.5. அதனால பையான்லேர்ந்து வந்த காமாவா இருந்தா எந்த ஆற்றல்ல எவ்வளவு காமா வருதுன்னு காட்டுற வரைபடம் சுமார் 200க்குக் கீழ வரும்போது செங்குத்தா சரியணும், எலக்ட்ரான் கணக்குல அந்த மாதிரி சரிவு வராது. 2008ல மேல போன ஃபெர்மி செயற்கைக்கோளோட நாலு வருஷ டேட்டாவுல ஐசி 443, டபிள்யூ 44ங்கிற ரெண்டு சூப்பர்நோவா மிச்சங்கள்லயும் அந்த சரிவு அப்படியே தெரிஞ்சுது, 2013ல வெளியிட்டாங்க. டபிள்யூ 44க்கு இத்தாலியோட அஜிலே செயற்கைக்கோள் 2011லயே சொல்லிடுச்சு, பேர் என்னமோ ஃபெர்மிக்குத்தான் போச்சு.

ஆனா இதை வச்சு எல்லா காஸ்மிக் கதிருக்கும் சூப்பர்நோவாதான்னு முடிவு கட்டுறது என்னைக் கேட்டா அவசரம். இந்த ரெண்டும் வயசான மிச்சங்க, வேகம் தளர்ந்து போச்சு. ரொம்ப உச்ச ஆற்றல் புரோட்டானை எது தள்ளி விடுதுன்னு இன்னும் தேடிட்டுதான் இருக்காங்க.

கேள்வி: மேகம் நிஜமாவே அந்த மிச்சத்துக்குப் பக்கத்துலதான் இருக்கா, இல்ல பின்னாடி எங்கயோ இருந்து ஒட்டுன மாதிரி தெரியுதா? (அதே வாசகர், விடமாட்டார் போல)

பதில்: அதுக்கு ரேடியோ டெலஸ்கோப் இருக்கு. அதிர்ச்சி அலை மேகத்துல இடிக்கிற இடத்துல ஹைட்ராக்சில் மூலக்கூறு 1720 மெகாஹெர்ட்ஸ்ல மேசரா, அதாவது லேசர் மாதிரி ரேடியோ அலையா, பளிச்னு கத்தும், டபிள்யூ 44லயும் ஐசி 443லயும் அது கேட்டிருக்கு. ஐசி 443 மிதுன ராசிப் பக்கம், சுமார் 5,000 ஒளியாண்டு தூரத்துல இருக்கு, ஜெல்லிமீன் நெபுலான்னு தேடுனா படம் நிறைய கிடைக்கும்.