பூ இல்லாத மாதத்தை வைத்துத் தோட்டம் போடுங்கள்

வாசகர் கேள்வி: வீட்டு முன்புறம் 20க்கு 15 அடி இடம் இருக்கிறது. நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடிகளாகப் பார்த்து வாங்கி வந்து நடுகிறோம். இரண்டு மாதம் மனதை அள்ளிக்கொண்டு போகிறது. அப்புறம் பாதிச் செடி ஓய்ந்துவிடுகிறது, மீதி கன்னாபின்னாவென்று வளர்ந்து நிற்கிறது. வருடம் பூராவும் பார்க்க நன்றாக இருக்கும்படி எப்படி அமைப்பது?

பதில்: ஒரே நாளில் போய், அன்றைக்குப் பூத்திருந்தவற்றை மட்டும் வாங்கி வந்தால் அவை பெரும்பாலும் ஒரே பருவத்துச் செடிகளாகத்தான் இருக்கும். சேர்ந்து பூக்கும், சேர்ந்தே ஓயும். உங்கள் தோட்டத்தில் நடப்பது இதுதான். உரமோ பராமரிப்போ குறைந்ததால் வந்த குறையாக இதை நினைக்க வேண்டாம். செடிகளைத் தேர்ந்தெடுத்த விதம்தான் காரணம்.

அதனால் முதலில் பூவை மறந்துவிட்டு யோசியுங்கள். ஒரு பூ கூட இல்லாத நாளில் இந்த இடம் எப்படித் தெரியும்? உயரம், இலையின் வடிவம், பச்சையில் இருக்கும் வேறுபாடு, நடைபாதையின் கோடு, இவ்வளவுதான் அப்போது கண்ணில் படும். இவை சரியாக அமைந்த தோட்டம் எந்த மாதத்திலும் வெறிச்சென்று இருக்காது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் தோட்டத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கூளமாகத் தெரிந்தால், வண்ணம் மட்டுமே அந்தத் தோட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அடர்ந்த கரும்பச்சைப் புதர், அதன் முன்னால் வாள் போல் நீண்ட இலை, கீழே பொடி இலைப் படர்வு என்று தனித்தனியாகத் தெரிந்தால் அடிப்படை நன்றாக இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த தோட்ட வடிவமைப்பாளர் பீட் அவுடால்ஃப், நியூயார்க்கில் பழைய உயர்மட்ட ரயில் பாதை மேல் 2009இல் திறக்கப்பட்ட ஹைலைன் பூங்காவுக்குச் செடிகளை அமைத்தவர். பூ உதிர்ந்த பிறகு செடியின் தண்டும் விதைக்கொத்தும் எப்படி நிற்கும் என்பதையும் பார்த்தே அவர் செடியைத் தேர்ந்தெடுப்பார்.

இடத்தை மூன்று பங்காக நினைத்தால், இரண்டு பங்கு நிரந்தரப் புதர்களுக்கும் இலையழகுச் செடிகளுக்கும், ஒரு பங்கு பருவப் பூக்களுக்கும் என்பது என் கணக்கு. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உங்கள் 20க்கு 15 அடியை எடுத்துக்கொள்வோம். எங்கிருந்து அதிகம் பார்ப்பீர்கள்? வாசற்படியா, ஜன்னலா? அங்கே நின்றுகொண்டு தூரத்து மூலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து உயரமான செடி ஒன்றை வையுங்கள். நடு மையத்தில் வைத்தால் இடம் இரண்டாக வெட்டுப்படும், சிறியதாகவும் தெரியும். உறைபனி விழாத ஊர் என்றால் அந்த மூலைக்கு நான் அடுக்கு நந்தியாவட்டையைச் சொல்வேன். இலை எப்போதும் பளபளப்பாக இருக்கும். வருடத்தில் பெரும்பகுதி ஏதாவது பூ இருந்துகொண்டே இருக்கும். வெள்ளைப் பூ என்பதால் வெளிச்சம் மங்கும் நேரத்திலும் கண்ணுக்குத் தெரியும். வேலைக்குப் போய்விட்டு மாலையில்தான் தோட்டத்தைப் பார்க்க முடிகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அதற்கு முன்னால் இட்லிப்பூச் செடி ஐந்தைக் கூட்டமாக நடுங்கள். ஒரே வகை, ஒரே நிறம். ரகத்துக்கு ரகம் ஒன்று வாங்கி நட்டால் நர்சரி வரிசை மாதிரிதான் தெரியும், தோட்டமாகத் தெரியாது. பக்கவாட்டில் செம்பருத்தி இரண்டு. நல்ல வெயில் விழும் பக்கம் குரோட்டன்ஸ். நிழலில் வைத்தால் அதன் நிறம் மங்கிப் பச்சையாகிவிடும். நிழல் விழும் ஓரத்துக்கு அக்லோனிமாவோ பெரணியோ போதும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழாத இடத்தில் பெரும்பாலான பூச்செடிகளை வைத்துப் போராடுவது வீண்.

மிச்சமிருக்கும் முன்வரிசை பருவச் செடிகளுக்கு. செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ், காசித்தும்பை, வாடாமல்லி என்று மாற்றி மாற்றிப் போடலாம். செண்டுமல்லி விதைத்ததிலிருந்து பூக்கக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் பிடிக்கும். ஆகவே இப்போதிருக்கும் செடி மொட்டு விடத் தொடங்கும்போதே அடுத்த தொகுதி விதையை நாற்றுத்தட்டில் போட்டுவிட வேண்டும். இது ஓய்ந்த பிறகு அதை விதைக்கலாம் என்று இருந்தால் இரண்டு மாதம் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதோடு நாலைந்து தொட்டிகளைக் கொல்லைப்புறத்தில் தயாராக வளர்த்து வையுங்கள். முன்னால் எங்காவது ஓட்டை விழுந்தால் பூக்கும் நிலையில் இருக்கும் தொட்டியைக் கொண்டுபோய் அங்கே செருகிவிடலாம். 1932இல் மறைந்த ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் கெர்ட்ரூட் ஜெக்கில், தன் புகழ்பெற்ற நீண்ட பூப்பாத்தியில் இதையே செய்தார். லில்லியையும் ஹைட்ரேஞ்சியாவையும் தொட்டியில் வளர்த்து, காலியாகும் இடங்களில் இறக்குவார்.

மாதா மாதம் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். வருடக் கடைசியில் எந்த மாதத்துப் படம் மிகவும் வறண்டு தெரிகிறதோ, அடுத்த ஆண்டு அதே மாதத்தில் நர்சரிக்குப் போங்கள். அந்தச் சமயத்தில் உங்கள் ஊர் வெயிலையும் மழையையும் தாங்கிப் பூத்து நிற்கும் செடி எதுவோ அதுதான் உங்களுக்கு வேண்டியது.

கவாத்தை, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல தோட்டங்கள் பல கெட்டுப்போவது கத்தரிக்கோலால்தான். செம்பருத்தியும் இட்லிப்பூவும் புதுத் தளிர் நுனியில் பூப்பவை. இட்லிப்பூவைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெட்டி வடிவத்தில் வழித்துக்கொண்டே இருந்தால், கீழே விழும் தழையை எடுத்துப் பாருங்கள்: நுனியில் குண்டூசித் தலை அளவுக்குச் சிறு மொட்டுகள் கொத்தாக இருக்கும். வரவேண்டிய பூவையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, செடி பூப்பதில்லை என்று சொல்கிறோம். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் வாடிய கொத்தோடு சேர்த்து இரண்டு இலை கீழே வெட்டினால் போதும். செம்பருத்தியில் எல்லாக் கிளையையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்குக் கிளைகளை இப்போது, அடுத்த பங்கைச் சில வாரம் கழித்து என்று பிரித்து வெட்டினால் செடி ஒருபோதும் மொட்டையாகாது, பூவும் விட்டுப்போகாது. மல்லிகைக்கு வருடத்துக்கொரு முறை பலமான கவாத்து தேவை. சில வாரம் குச்சியாகத்தான் நிற்கும். அதனால் அதை முன்வரிசையில் நடாமல் ஒரு புதருக்குப் பின்னால் நடுங்கள்.

காகிதப்பூவுக்குத் தண்ணீரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) அதிகமானால் இலையாகவே தள்ளும். நன்றாக வேர்பிடித்த செடியின் மண்ணைச் சற்றுக் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், முழு வெயிலில் நிறம் கொட்டும். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அந்த நிறமெல்லாம் பூவைச் சுற்றியிருக்கும் இலை என்பது தெரியும். உண்மையான பூ நடுவே சின்னஞ்சிறு குழலாக வெள்ளையாக இருக்கும். நிறம் வாரக்கணக்கில் உதிராமல் நிற்பது அதனால்தான்.

சாமந்தி வைக்கப்போகிறீர்கள் என்றால் தெருவிளக்கையும் கவனியுங்கள். இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். பகல், இரவு நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும் 1920இல் வெளியிட்டார்கள். இரவெல்லாம் விளக்கு வெளிச்சம் விழும் சுவரோரம் வைத்த சாமந்தி, தழைத்து வளர்ந்தும் மொட்டு வைக்காமல் இழுத்தடிக்கலாம். நாலடி தள்ளி, புதரின் மறைவில் வையுங்கள்.

நிரந்தரப் புதர்களை நடும்போது இன்றைய அளவைப் பார்க்காமல், மூன்று வருடம் கழித்து அவை எவ்வளவு அகலமாகும் என்று கேட்டு அந்த இடைவெளி விடுங்கள். நெருக்கி நட்டதால்தான் உங்கள் செடிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. முதல் வருடம் இடைவெளி கண்ணை உறுத்தத்தான் செய்யும். அதுவரை அங்கே நித்தியகல்யாணியோ ஜினியாவோ விதைத்து நிரப்பிக்கொள்ளுங்கள். வெற்று மண் தெரியும் இடத்தில் காய்ந்த இலைச்சருகை இரண்டு அங்குலம் மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். புதர்கள் கைகோத்துக்கொள்ளத் தொடங்கியதும் இடையில் விதைப்பதைக் குறைத்துக்கொண்டே வரலாம்.