சம்பளச் சீட்டில் தாத்தா பாட்டி

அன்புள்ள ஐயா,

ஜூன் 10-ஆம் தேதி பிரேசிலின் சாவ் பாவ்லோவில் வேலைக்குச் சேர்ந்தேன். டிசம்பர் சம்பளச் சீட்டில் ‘பதின்மூன்றாவது சம்பளம்’ (பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை தரும் கூடுதல் சம்பளம்) என்ற வரிக்கு எதிரே ‘7/12 அவோஸ்’ என்று போட்டிருக்கிறார்கள். அவோஸ் என்றால் தாத்தா பாட்டி என்றுதான் போர்த்துகீசிய மொழி வகுப்பில் படித்தேன். என் சம்பளத்தில் அவர்களுக்கு என்ன வேலை?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தா பாட்டிக்கு ‘ஓ’வின் தலையில் ஒரு கோடு உண்டு, அழுத்தமும் அங்கேதான். உங்கள் சீட்டில் இருப்பது கோடில்லாத சொல். ‘ஆவுஸ்’ என்று முதலெழுத்தை அழுத்த வேண்டும். ‘பங்கு’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போர்த்துகீசியத்தில் அரைக்கும் மூன்றிலொன்றுக்கும் தனிச்சொற்கள் உண்டு. நான்கு முதல் பத்து வரை ‘நான்காவது’, ‘எட்டாவது’ என்ற வரிசைச் சொல்லே பின்னமாகவும் நிற்கும். பத்தைத் தாண்டினால் வரிசைச் சொல் நீண்டுபோகும். அங்கேதான் ஆவுஸ் வருகிறது: எண்ணைச் சொல்லி, பின்னால் இதை ஒட்டினால் முடிந்தது. 1/12 என்பது ‘உம் தோஸி ஆவுஸ்’. நூறு, ஆயிரம் போன்றவற்றுக்கு மறுபடி வரிசைச் சொல்.

இது பிறந்த கதைதான் எனக்குப் பிடித்தது. எட்டாவது என்பதற்கு ‘ஒய்தாவு’ என்பார்கள். அதன் வாலை மட்டும் வெட்டி எடுத்துத் தனிச்சொல்லாக்கிவிட்டார்கள். ஆம்னிபஸ்ஸின் வால் பஸ் ஆன மாதிரி. போர்த்துகீசியர் முன்பு ஆண்ட சீனாவின் மக்காவ் நகரில் அந்த வால் காசாகவே ஆகிவிட்டது: 100 ஆவு சேர்ந்தால் அந்த ஊர்ப் பணமான ஒரு பட்டாக்கா.

சரி, உங்கள் கணக்கு. பிரேசிலின் 1962-ஆம் வருடச் சட்டப்படி வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் டிசம்பர் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு சேரும். மாதத்தில் 15 நாளாவது வேலையில் இருந்தால் அது முழு மாதம். ஜூனில் உங்களுக்கு 21 நாள், ஆக ஏழு பங்கு. 20-ஆம் தேதி சேர்ந்திருந்தால் ஆறுதான். (7/12 என்று எழுதிய பிறகு ஆவுஸ் போடுவது ‘50% சதவீதம்’ என்பது போலத்தான். யாரும் கண்டுகொள்வதில்லை.)

இந்தச் சம்பளம் இரண்டு தவணையாக வரும்; இரண்டாம் தவணை டிசம்பர் 20-க்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அலுவலகத்தில் கேளுங்கள். கேட்கும்போது முதலெழுத்தை அழுத்திச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாட்டியைத்தான் விசாரிப்பார்கள்.