‘பால’ தேடினால் பாலக்காடும் மஞ்சளாவது ஏன்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். கூட்டக் குறிப்புகளை வலைப்பக்கமாகப் போட்டு, தேடும் சொல்லை ஜாவாஸ்கிரிப்டில் ரெகெக்ஸ் (எந்த வடிவச் சொல்லைத் தேட வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) எழுதி மஞ்சளாக்குகிறேன். ‘பால்’ என்று கொடுத்தால் ‘பாலில்’, ‘பாலுக்கு’ விட்டுப்போகிறது. ‘பால’ என்று கொடுத்தால் பாலம், பாலக்காடு எல்லாம் மஞ்சளாகி, சில எழுத்துகள் உடைந்து புள்ளிவட்டம் வருகிறது. சொல் எல்லைக்கான பேக்ஸ்லாஷ் பி (\b) போட்டால் எதுவுமே சிக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: கணினிக்கு ‘பால்’ என்பது நான்கு குறிகள்: ப, கால், ல, புள்ளி. ‘பாலில்’ என்று எழுதும்போது அந்தப் புள்ளி போய், அதே இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது. அதனால் புள்ளியோடு தேடினால் கிடைக்காது. புள்ளியை விட்டுத் தேடினால், மஞ்சளாக்கும் எச்டிஎம்எல் குறியான மார்க் டேக் ‘பால’ என்பதோடு மூடிக்கொள்ளும். இகரக் குறி ஏறிக்கொள்ள எழுத்தில்லாமல் வெளியே நிற்கும். நீங்கள் பார்த்த புள்ளிவட்டம் அதுதான்.

பேக்ஸ்லாஷ் பி உங்களுக்கு உதவாது. ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டுமே சொல்லின் பகுதி. பைத்தானோடு வரும் ரெகெக்ஸ் நூலகம் இன்னும் வம்பு: ல-வை எழுத்தாக ஏற்கும், காலையும் புள்ளியையும் ஏற்காது, சொல்லுக்கு நடுவிலேயே எல்லை போடும். ஆகவே எல்லையை நாமே எழுதிவிடலாம்:

(?<![ஃ-ௐ])(பால்|பாலை|பாலில்|பாலின்|பாலுக்கு)(க்|ச்|த்|ப்)?(?![ஃ-ௐ])

யூனிகோடில் ஃ முதல் ௐ வரைக்குள் உயிர், மெய், கால், கொம்பு, புள்ளி எல்லாம் அடங்கும். முதல் அடைப்பு ‘முன்னால் தமிழ் எழுத்து இருக்கக் கூடாது’ என்கிறது. கடைசி அடைப்பு பின்னாலும் அப்படியே. ‘பாலைக் கறந்து’, ‘பாலுக்குப் பணம்’ என ஒற்று மிகும் இடங்களுக்குத்தான் (க்|ச்|த்|ப்)?. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஒற்றுப் பிழையில்லாமல் எழுதியவரின் வரிகள்தான் முதலில் விடுபடும். ‘பால்காரர்’ போன்றவை வேண்டுமானால் பட்டியலில் சேருங்கள். எந்த விகுதி வந்தாலும் சரி என்று திறந்துவிட்டால் பாலம் மறுபடி உள்ளே வந்துவிடும். மலையாளச் சுற்றறிக்கைகள் அதே பக்கத்தில் இருந்தாலும் கவலையில்லை, மலையாளத்துக்கு யூனிகோடில் தனி இடம்.

‘கொழிஞ்சாம்பாறை’யில் வரும் ‘கொ’வில் க-வை அடுத்த ஒகரம் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரிந்தும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், தேடலுக்கு வேறு. அதனால் உரை, தேடும் சொல் இரண்டையும் முதலில் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், மஞ்சளாக்கும்போது ரெகெக்ஸின் முடிவில் ஜி (g) கொடியைச் சேருங்கள்; இல்லாவிட்டால் முதல் சொல் மட்டுமே மாறும். மார்க் டேக்குக்குள் $& போட்டால் கிடைத்த சொல் அப்படியே வரும். மாற்றத்தை உரைப் பகுதிகளில் மட்டும் செய்யுங்கள். முழு எச்டிஎம்எல்லிலும் ஓட்டினால், இணைப்பின் டேக்குக்குள் எழுதிய தலைப்பில் (title) ‘பால்’ இருந்தால்கூடப் பக்கம் குலைந்துவிடும்.

முதல் அடைப்பில் உள்ள, முன்னால் இருப்பதைப் பார்க்கும் வசதி (lookbehind) சஃபாரியில் 2023-இல் வந்த 16.4 பதிப்பிலிருந்துதான் உண்டு. பழைய ஐபோனில் ஸ்கிரிப்ட் மொத்தமும் நின்றுவிடும். சங்கத்தில் அப்படிப்பட்ட போன் யாரிடமாவது இருந்தால், முதல் அடைப்புக்குப் பதில் (^|[^ஃ-ௐ]) என்று எழுதி, $1-ஐ டேக்குக்கு வெளியிலும் $2$3-ஐ உள்ளேயும் வையுங்கள்.